நீரையும் அளத்தல் வேண்டும்

 

வெள்ளி விழா மேடையில் நீர்மின் நிலையத்தைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரக் கடற்கரை வரை ஏரிகள் உண்டு. நீர்மின் நிலையம் இல்லை. ஆயினும், அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, பாசனமும் மின்சாரமும் அத்துறையின் பொறுப்பிலேயே இருந்தன. அவர் கருத்தூன்றிய பொருளை நம் பிள்ளைகள் அறிதல் நன்று.

ஒரு நீர்மின் நிலையம் நன்றாக இயங்குகிறதா என்பதை எவ்வாறு அறிவது? எத்தனை யூனிட் மின்சாரம் தந்தது என்று பார்த்தால் மட்டும் போதாது. எவ்வளவு நீர், எவ்வளவு உயரத்திலிருந்து அதற்குக் கிடைத்தது என்பதையும் அளத்தல் வேண்டும். நொடிக்கு 1,000 லிட்டர் நீர் 100 மீட்டர் விழுந்தால், அது தரக்கூடியது 981 கிலோவாட். மின்னாக்கியிலிருந்து 883 கிலோவாட் கிடைத்தால், பயனுறுதிறன் நூற்றுக்குத் தொண்ணூறு. எஞ்சியது குழாயின் உராய்விலும், சுழலியிலும், மின்னாக்கியின் வெப்பத்திலும் கழிகிறது.

மின்சாரத்தை அளப்பது எளிது. பெருங்குழாயில் ஓடும் நீரை அளப்பதே கடினம். பொறியாளர்கள் நீருக்குள் ஒலியலைகளைச் செலுத்தி, அவை ஓட்டத்தோடு செல்லும் நேரத்தையும் எதிர்த்துச் செல்லும் நேரத்தையும் ஒப்பிட்டு, நீரின் வேகத்தைக் கணிக்கின்றனர். கடினம் என்பதற்காக அந்த அளவையை விட்டுவிடலாகாது.

1932-இல் தொடங்கப்பட்ட நீலகிரிப் பைகாரா நிலையத்தில் நீர் 3,000 அடிக்கு மேல் விழுகிறது. மேட்டூரில் வீழ்ச்சி அதில் சிறு பங்கே. ஆகவே, ஒரே அளவு நீருக்குப் பைகாரா பன்மடங்கு மின்சாரம் தரும். அதனால் மேட்டூர் இயந்திரம் தாழ்ந்தது என்று எந்தப் பொறியாளரும் கூறார். மேலும், 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர் பாசனத்திற்கு உரியது. மழை பொய்த்து அணை திறவாத நாளில் அணை மின்நிலையமும் ஓய்ந்திருக்கும். அது நீரின் குறை, இயந்திரத்தின் குறையன்று.

நான் படித்த காலத்தில் ஊர்த்தெருவில் மின்விளக்கு எரிந்தது. எங்கள் சேரியில் சிம்னி விளக்குதான். இரு தெருப் பிள்ளைகளும் ஒரே தேர்வை எழுதினோம். மதிப்பெண் வந்ததும், "இவர்களுக்குப் படிப்பு வராது" என்று கூறியவர்கள் உண்டு. அவர்கள் விளைவை அளந்தார்கள். எங்களுக்கு எட்டிய நீரை அளக்கவில்லை.

மாணவச் செல்வங்களே, இதைச் சோம்பலுக்குச் சாக்காகக் கொள்ளாதீர்கள். வந்த நீரைக் கசியவிடுவது நம் குற்றமே ஆகும்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் தேர்ச்சி விழுக்காட்டை ஏட்டில் எழுதுகிறோம். அதனருகே, அப்பிள்ளைக்கு இரவில் படிக்க இடம் உண்டா, வீட்டில் எழுத்தறிந்தவர் உண்டா, பள்ளி நாள்களில் எத்தனை நாள் கூலி வேலைக்குச் சென்றது என்பதையும் எழுதுவோம். யாருக்கு அறிவுரை வேண்டும், யாருக்கு விளக்கும் நூலும் உணவும் வேண்டும் என்பது அப்போது தெளிவாகும். கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் நீரைக் கொண்டுவந்தது. இனி அதை அளக்கவும் கற்போம்.