வாயில் நுழையாத பெயர்கள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பிரித்தானியக் கிளையின் சார்பில் ஆற்றிய உரை)



புலம்பெயர்ந்து வாழும் எம்மில் பலருக்கு ஓர் அனுபவம் பொதுவானது. வகுப்பில் இடாப்புக் கூப்பிடும் ஆசிரியர் எங்கள் பிள்ளையின் பெயர் வந்ததும் தயங்குவார். உடனே பிள்ளை தானே பெயரைச் சுருக்கி, "இப்படிக் கூப்பிட்டால் போதும்" என்றுவிடும்.

எங்கள் பெயர்கள் அவ்வளவு கடினமானவையா? விடையை வேல்ஸ் நாட்டு வீதிப் பலகைகளில் கண்டோம். முதலில் அவற்றைப் பார்த்து, "உயிரெழுத்தே இல்லாத பாஷை" என்று நாங்களும் பகிடி பண்ணினோம். ஆனால் வெல்ஷ் மொழியில் உயிரெழுத்துகள் ஏழு. ஆங்கிலத்தில் மெய்யாக வரும் 'டபிள்யூ' அங்கே உகரமாக ஒலிக்கும். 'சி, டபிள்யூ, எம்' என்று எழுதி, 'கும்' என வாசிப்பார்கள். பள்ளத்தாக்கு என்பது பொருள். ஒற்றை 'எஃப்' வகரம். இரட்டை 'டி'யோ, நாம் 'அது' என்னும்போது வரும் மெல்லிய தகரம். வெல்ஷ் எழுத்துமுறை ஆங்கிலத்தைவிட ஒழுங்கானது. அதை ஆங்கிலமாக வாசித்தது எங்கள் பிழை.

இரட்டை 'எல்' எமக்குப் புதிய ஓசை. நாக்கை லகரத்துக்கு வைத்து, குரல் எழுப்பாமல் நாக்கின் ஓரத்தால் காற்றை ஊதவேண்டும். நாலைந்து தரம் பழகியதும் ஓரளவு வந்தது.

வாயைப் போலக் காதுக்கும் பழக்கம் வேண்டும். 1984 இல் ஜனெற் வேர்க்கர், றிச்சர்ட் ரீஸ் என்போர் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாதத்தில் ஹிந்தியின் டகர, தகர ஓசைகளைப் பிரித்தறிந்தார்கள். 10 முதல் 12 மாதக் குழந்தைகளில் மிகச் சிலராலேயே அது முடிந்தது. வீட்டு மொழிக்குத் தேவைப்படாத வேறுபாட்டைக் காது மெல்ல விட்டுவிடுகிறது. எங்கள் லகர, ளகர, ழகரம் பிறருக்கு ஒன்றாகக் கேட்பதும் இதனாலேயே. ஆங்கில 'வி'யும் 'டபிள்யூ'வும் எங்கள் வாயில் ஒன்றாகிவிடுவதில்லையா? பேச்சில் ழகரத்தை ளகரமாக்குபவர்களும் நாமே!

ஆகவே தயங்கும் ஆசிரியர் எம்மை அவமதிக்கிறார் என்று உடனே நினைக்கவேண்டாம். பிள்ளையும் வெட்கப்பட்டுப் பெயரை வெட்டவேண்டாம். அசை அசையாகப் பிரித்து, இரண்டு மூன்று தரம் சொல்லிக்கொடுக்கப் பிள்ளைகளைப் பழக்குவோம். பெரியவர்களும் கேட்டுப் பழகினால் சொல்லிவிடுவார்கள். அதேபோல் அயல்வீட்டாரின் பெயரையும், "வாயில் நுழையாது" என்று ஒதுக்காமல், அவர்களிடமே கேட்டுச் சரியாகச் சொல்வோம்.

இந்தக் கல்லூரியில் எமது ஆசிரியைகள் ஒவ்வொரு நாளும் எம்மை முழுப்பெயர் சொல்லியே கூப்பிட்டார்கள். எங்கள் பேரப்பிள்ளைகளையும் உலகம் அப்படியே கூப்பிடட்டும்.