பொய்கைப் பறவைகளும் படம்பிடிப்போரும்



சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் அர்த்த மண்டப விதானத்தில் ஒரு தாமரைப் பொய்கை உள்ளது. அம்மண்டபத்தை மதுரை ஆசிரியர் இளங்கௌதமர் 9ஆம் நூற்றாண்டில், ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் புதுப்பித்தார் என்பது அங்குள்ள கல்வெட்டுச் செய்தி. சமவசரணத்தின் காதிகா பூமி என்று அறிஞர் பலர் கருதும் அந்தப் பொய்கையில் களிறும் எருமையும் மீனும் அன்னமும் ஒரே நீரில் உள்ளன. பவ்வியர்கள் நீரில் இறங்கி மலர் கொய்கின்றனர்; பறவைகள் அகலவில்லை.

இன்று ஐப்பசி முதல் தை வரை நம் மாவட்டத்துக் கண்மாய்களில் நாரையும் கொக்கும் உள்ளானும் வந்து இறங்குகின்றன. கரையில் கேமராவுடன் நம் இளைஞர்களும் நிற்கின்றனர். மகிழத்தக்கதே. ஆயின் பறக்கும் படம் வேண்டுமென்று கைதட்டுவதும், கல்லெறிவதும், டிரோன் விடுவதும் ஆங்காங்கே வழக்கமாகி வருகின்றன. கல் எந்தப் பறவையின் மீதும் படவில்லையே, இதில் ஹிம்சை எங்கே என்று கேட்பாரும் உளர். அடைகாக்கும் தாய் அஞ்சி எழுந்தால் முட்டை வெயிலில் காயும், காகம் கவரும். பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்த உள்ளான் இரை தேட வேண்டிய நேரத்தை அஞ்சிப் பறப்பதிலேயே இழக்கும். நடக்கும்போது சிற்றுயிரும் துன்புறாதபடி நோக்கி அடியெடுத்து வைக்கும் ஈர்யா சமிதியைப் போற்றும் குலத்தார், கரையில் மட்டும் அதனை மறக்கலாமா?

பறவையின் பறத்தலை ஆராய்ந்த பிரான்சு நாட்டு அறிஞர் மாரே, 1882இல் துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்தார். ஒரு நொடியில் 12 படம் எடுக்கும் கருவி அது. விசையை இழுத்தால் குண்டு வராது, படம் பதியும். கொலைக்கருவியின் வடிவம் கொல்லாமைக்குப் பயன்பட்டது. இன்று கையில் கேமரா ஏந்தியவன் கல்லையும் எடுப்பது விந்தையே!

விரட்டாமல் எடுப்பது கடினமன்று. பறவை காற்றை எதிர்த்தே எழும். வாடையும் கொண்டலும் வீசும் மார்கழி, தைக் காலையில் கிழக்குக் கரையில் அமர்ந்தால் காற்றும் ஞாயிறும் முதுகுப்புறம் இருக்கும். பறவை தானே முகம் நோக்கி எழும். எழுமுன் கழுத்தை நீட்டும், எச்சமிடும். அந்தக் குறிப்பை அறிந்தவனுக்குக் கைதட்டல் எதற்கு? ஷட்டர் வேகம் நொடியில் 2000இல் ஒரு பங்கு இருந்தால் சிறகு தெளியும். வெண்கொக்கிற்கு ஒளியைச் சற்றுக் குறைக்க வேண்டும். இல்லையேல் இறகின் வரிகள் வெளுத்து மறையும். கொக்கு கழுத்தை மடக்கிப் பறக்கும். நாரையும் அரிவாள் மூக்கனும் நீட்டிப் பறக்கும். இவ்வேறுபாடு காணப் பொறுமையுடன் ஒரு காலைப்பொழுது அமர்ந்தால் போதும்.

அண்டை மாவட்டமான சிவகங்கையில், வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய ஊர் கொள்ளுகுடிப்பட்டி. அவ்வூரார் சமணர் அல்லர். ஆயினும் கண்மாய்ப் பறவைகள் அஞ்சுமென்று பல்லாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. தீபாவளி நமக்கு மகாவீரர் வீடுபேறு அடைந்த நாள். அந்நாளில் நம் வீட்டுப் பிள்ளைகள் வெடிக்கும் வெடியையும், அவ்வூர்ப் பிள்ளைகள் வெடிக்காது விடும் வெடியையும் பெற்றோர் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

சித்தன்னவாசல் காண வரும் குடும்பங்கள், விதானத்தின் பொய்கையைக் கண்டபின் அந்தக் கண்மாயையும் சென்று காணலாம். விழாவிற்கு உடுத்திய வெண்ணிற ஆடையை மட்டும் மாற்றிக்கொண்டு செல்லட்டும். கொக்குகள் அதனைத் தொலைவிலேயே கண்டுகொள்ளும்.