கசியும் நீரும் நமது மௌனமும்

(வெம்பிளியில் பெற்றோரும் இளையோரும் கூடிய சந்திப்பொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தண்ணீர்க் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசுவதற்கும் ஓர் உரை வேண்டுமா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். இந்நாட்டுக்கு வந்த புதிதில் நானும் அவ்வாறே எண்ணியிருப்பேன். அப்போது இதே வெம்பிளியில், ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். மேல்மாடிக் குளியலறைக்கு நேர்கீழே எனது கட்டில். ஒருநாள் சீலிங்கில் மண்ணிறக் கறையொன்று தோன்றியது. முறையிட்டால் அறையை விட்டு எழும்பச் சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சி, வாளியொன்றை வைத்துவிட்டு நான்கு மாதங்கள் வாய்மூடி இருந்தேன். ஓர் இரவு சீலிங்கின் ஒரு பகுதி உடைந்து கட்டிலின்மேல் விழுந்தது. இரவு வேலைக்குச் சென்றிருந்தபடியால் தப்பினேன். திருத்தச் செலவு எனது முற்பணத்திற் கழிக்கப்பட்டது. “முன்னரே ஏன் அறிவிக்கவில்லை?” என்ற கேள்விக்கு, பொறியியல் படித்த என்னிடம் விடை இருக்கவில்லை.

அந்தக் கேள்விதான் இன்றைய உரையின் பொருள்.

வெம்பிளியின் பல வீடுகள் இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் கட்டப்பட்டவை. ஒரு குடும்பத்துக்கென அமைந்த வீடுகளில் பின்னர் குளியலறைகளும் சமையலறைகளும் சேர்க்கப்பட்டன. குழாய்கள் சுவருக்குள்ளும் தரைப்பலகைக்குக் கீழும் மறைந்து செல்கின்றன. மறைந்திருக்கும் கசிவைக் கண்டறிய எளிய வழிகள் சில உள்ளன.

முதலாவது, நீர்மானி. இரவு படுக்கைக்குச் செல்லுமுன் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எவரும் நீரைப் பயன்படுத்தாத நிலையில் காலையில் எண் கூடியிருந்தால் எங்கோ கசிவு உண்டு. ஒரே மானியைப் பல குடும்பங்கள் பகிரும் வீட்டுக்கு இச்சோதனை பொருந்தாது.

இரண்டாவது, மலசலகூடம். புதிய இரட்டைப் பொத்தான் தொட்டிகளின் அடைப்பு தேயும்போது, சத்தமின்றி நாளொன்றுக்கு 200 இலீற்றருக்கும் அதிகமான நீர் வீணாகலாம். கோப்பையின் பின்புறத்தைத் துடைத்து, உலர்ந்த கடதாசித் துண்டொன்றை இரவில் அங்கே ஒட்டிவிடுங்கள். காலைவரை எவரும் அதைப் பயன்படுத்தாதிருக்க, அது நனைந்து கிழிந்திருந்தால் தொட்டி ஒழுகுகிறது.

மூன்றாவது, பொயிலர். குளிர்ந்திருக்கும்போது அதன் அழுத்தமானி பெரும்பாலும் 1 முதல் 1.5 பார் வரை காட்டும். நிரப்பிய பின்னும் அடிக்கடி இறங்கினால் வெப்பமூட்டும் குழாய்களில் கசிவு இருக்கலாம். பொயிலரை நீங்கள் திறக்கவேண்டாம். அது காஸ் சேஃப் பதிவு பெற்றவரின் வேலை.

கசிவு வேறு, நீராவி குளிர்ந்து படிவது வேறு. ஆவியால் வரும் ஈரம் பெரும்பாலும் குளிர்காலத்தில் யன்னலோரத்திலும் அலுமாரிக்குப் பின்னாலும் படியும். கசிவோ விளிம்புள்ள கறையாகி, கோடையிலும் மாறாது, நாளுக்கு நாள் விரியும்.

நீர் திடீரெனப் பாய்ந்தால் என்ன செய்வது? பிரதான குழாயை மூடும் ஸ்டொப் கொக் பெரும்பாலும் சமையலறைத் தொட்டிக்குக் கீழே இருக்கும். கடிகார முள் செல்லும் திசையில் திருகினால் நீர் நிற்கும். அது எங்கே இருக்கிறது என்பதை இன்றிரவே பார்த்துவையுங்கள். மின்விளக்கின் வழியாக நீர் சொட்டினால் அதன் ஆழியைத் தொடாதீர்கள். மின்பெட்டியை ஈரம் அணுகாதிருந்தால் மட்டும், உலர்ந்த கையால் மின்சாரத்தை அங்கே நிறுத்துங்கள்.

இனி உரிமைக்கு வருவோம். இங்கிலாந்தில் வாடகை வீட்டின் கட்டமைப்பையும், நீர், வெப்பம், கழிவு ஆகியவற்றுக்கான குழாய்களையும் பழுதின்றி வைத்திருப்பது வீட்டு உரிமையாளரின் கடமை. இதை 1985ஆம் ஆண்டின் நிலவுரிமையாளர் வாடகையாளர் சட்டத்தின் 11ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் வீட்டுக்குள் ஏற்படும் பழுதைப் பொறுத்தவரை, அது அவருக்குத் தெரியவந்த பின்னரே அக்கடமை தொடங்குகிறது. நான் இழந்தது இந்த இடத்திலேதான். எனவே தொலைபேசியில் சொன்னாலும், அன்றே மின்னஞ்சலிலும் எழுதுங்கள். திகதியுடன் படங்களை இணையுங்கள். பதிலில்லையேல் நகரசபையின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவை நாடுங்கள். வெம்பிளிக்கு அது பிறென்ற் நகரசபை. கோபத்தில் வாடகையை நிறுத்தாதீர்கள். நிலுவையே உங்களை வெளியேற்றுவதற்கான காரணமாகிவிடும். உரிமையாளருடன் ஒரே வீட்டில் குடியிருப்போரின் உரிமைகள் வேறுபடும். அவர்கள் சிற்றிசன்ஸ் அட்வைஸ் அல்லது ஷெல்ரர் அமைப்பிடம் ஆலோசனை பெறுவது நல்லது.

“முறையிட்டால் வெளியேற்றுவார்களே” என்பது நமது பழைய அச்சம். தனியார் வாடகை வீடுகளிலிருந்து காரணம் கூறாது வெளியேற்றும் 21ஆம் பிரிவு அறிவித்தலுக்கு 2025ஆம் ஆண்டின் வாடகையாளர் உரிமைகள் சட்டம் முடிவு கட்டியது. அதற்கான நாளாக 2026 மே 1 குறிக்கப்பட்டது.

ரொச்டேல் நகரில், சூடானிலிருந்து வந்த பெற்றோரின் இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக், 2020 டிசம்பரில் உயிரிழந்தான். வீட்டிலிருந்த பூஞ்சணமே சுவாச நோய்க்குக் காரணம் என மரண விசாரணை அதிகாரி 2022 நவம்பரில் தீர்ப்பளித்தார். தந்தை மௌனமாக இருக்கவில்லை. 2017இலேயே முறையிட்டார். அதன்மேல் வர்ணம் பூசும்படி சொல்லப்பட்டது. அக்குழந்தையின் பெயரால் அமைந்த சட்டம் 2025 ஒக்டோபர் 27இல் சமூக வீடமைப்புகளுக்கு நடைமுறைக்கு வந்தது. அவசர ஆபத்துக்கு 24 மணித்தியாலங்கள், பாரதூரமான ஈரலிப்பையும் பூஞ்சணத்தையும் ஆராய 10 வேலை நாட்கள் என அது காலவரை விதிக்கிறது. தனியார் வீடுகளுக்கு அதை விரிவுபடுத்தவும் புதிய சட்டம் வழிசெய்துள்ளது. விடாது முறையிட்ட ஒரு குடும்பத்தின் துயரம் இன்று பிறர் பிள்ளைகளைக் காக்கிறது.

இளையோர்களே, உங்கள் அம்மா அப்பா சீலிங்கைப் பார்த்துவிட்டுப் பேசாதிருந்தால், அது அறியாமையால் அல்ல. மொழி தடுக்கிறது; வீடிழந்து வந்தவர்களின் அச்சமும் தடுக்கிறது. ஒரு மின்னஞ்சல் எழுத உங்களுக்குப் பத்து நிமிடம் போதும். அதை அவர்கள் அருகில் அமர்ந்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் விளக்கி எழுதுங்கள். பெற்றோர்களே, பிள்ளைகளிடம் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

கிணற்று நீரை அளந்து இறைத்து வாழ்ந்தவர்கள் நாம். நீரின் பெறுமதியை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நமது சொல்லின் பெறுமதியையும் அவ்வாறே உணர்வோம்.