பழைய ஸ்போர்ட்ஸ் காரின் மைல் கணக்கு



பழவங்காடிப் பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைபடும் ஓசை ஓய்வதில்லை. திருவிதாங்கூர் நாயர் படையினர் பத்மநாபபுரத்திலிருந்து தங்களோடு கொண்டுவந்த மூர்த்தி இது என்பதும், இக்கோவில் இன்று இந்திய இராணுவத்தின் பராமரிப்பில் இருக்கிறது என்பதும் திருவனந்தபுரத்தில் குடியேறிய தமிழர்களுக்குத் தெரிந்தவையே. அங்காடி என்னும் பழந்தமிழ்ச் சொல்லைப் பெயரில் சுமந்து நிற்கும் இந்த இடத்தில், காரியம் தொடங்குமுன் ஒரு தேங்காய் உடைப்பது வழக்கம். சென்ற ஆண்டு என் அக்காள் மகனும் ஒன்று உடைத்தான். அவன் தொடங்கவிருந்த காரியம், ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது.

ஐந்தாண்டுச் சேமிப்பு அவன் கையில் இருந்தது. இருவர் மட்டும் அமரும் வண்டி எதற்கு என்று அக்காள் கேட்டுப் பார்த்தாள், பயனில்லை. இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருந்தான். ஒன்று பதினோரு வயது வண்டி. மீட்டரில் 31,000 கிலோமீட்டர். மற்றொன்று பத்து வயது, மீட்டரில் 1,36,000. முதல் வண்டிக்கு இரண்டு லட்ச ரூபாய் விலை அதிகம். "மாமா, பதினோரு வருஷத்தில் முப்பத்தோராயிரம்தான் ஓடியிருக்கிறது. புது வண்டி மாதிரி" என்றான். முன்பணம் கொடுக்கும் நாளையும் குறித்துவிட்டான்.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு வார்த்தை. மைலேஜ் என்றால் நம் ஊரில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு வண்டி எவ்வளவு தூரம் போகும் என்பதே பொருள். மேனாடுகளில் அச்சொல் வண்டி பிறந்தது முதல் இதுவரை ஓடிய மொத்தத் தூரத்தையும் குறிக்கும். முதல் கேள்விக்குப் பதில் வாங்காமல் நம்மவர் வண்டி வாங்குவதில்லை. இரண்டாவதற்கோ மீட்டரில் ஒருமுறை கண்ணோட்டிவிட்டுத் திருப்தியடைந்து விடுகிறோம்.

தூரத்தை எண்ணும் கருவி புதியதன்று. ரோமானியக் கட்டடக் கலைஞரான விட்ருவியஸ், வண்டிச் சக்கரம் ஒரு மைல் உருண்டதும் ஒரு கூழாங்கல் பெட்டியில் விழும்படியான பொறியமைப்பைத் தம் நூலில் விவரித்திருக்கிறார். கல்லை எடுத்து வீசிவிட்டால் கணக்குக் குறையும் என்பது அன்றைய வண்டிக்காரனுக்கும் தெரிந்திருக்கும்! பிற்காலக் கார்களில் பற்சக்கரத்தோடு இணைந்த எண் உருளைகள் இருந்தன. ஐந்து உருளைகள் மட்டும் உள்ள மீட்டர் 99,999-க்குப் பிறகு மீண்டும் பூச்சியத்துக்கே வரும். இக்காலத்து வண்டியில் எண் ஒரு சிறு மின்னணு நினைவகத்தில் இருக்கிறது. அதைத் திருத்தத் திருப்புளியும் வேண்டாம். உரிய மென்பொருள் ஏற்றிய மடிக்கணினி போதும். இந்தத் தொல்லையை ஒடுக்க அமெரிக்காவில் 1972-இல் சட்டம் வந்தது. பெல்ஜியத்தில் 2006 முதல், பட்டறைக்கு வரும் வண்டியின் மீட்டர் எண்ணைப் பட்டறைக்காரர் பொதுப்பதிவு ஒன்றுக்குத் தெரிவிக்க வேண்டும். பழைய வண்டியை விற்பவர் அந்தப் பதிவின் சான்றைக் காட்டியாக வேண்டும்.

அப்படியானால் பெரிய எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டுமா? பழவங்காடிக்கு அருகிலேயே ஒரு சாட்சி உண்டு. கோவிலிலிருந்து சற்று நடந்தால் ஸ்ரீ பத்மநாபசுவாமி கோவில். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் தலைவராயிருந்து 2013-இல் காலமான உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா, நாள்தோறும் அங்கே தரிசனத்துக்கு வந்துகொண்டிருந்தவர். 1950-களில் வாங்கிய மெர்சிடிஸ்-பென்ஸ் 180 வண்டி ஒன்றை இறுதிவரை அவர் பிரியவில்லை. அந்த வண்டியில் அவர் 23 லட்சம் மைல் சென்றிருக்கிறார் என்று 2022-இல் செய்தித்தாள்கள் எழுதின. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 58 ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 108 மைலுக்குச் சற்று மேல் வருகிறது. இது கூடுமா என்ற ஐயம் எழுவது இயல்பு.

கூடும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரே இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டைச் சேர்ந்த அறிவியல் ஆசிரியர் இர்வ் கார்டன், 1966-இல் வால்வோ பி1800 என்ற வண்டியைப் புதிதாக வாங்கினார். பள்ளிக்குப் போய்வர நாளும் 125 மைல். 6,80,000 மைல் ஓடிய பிறகே எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்தார். 2013 செப்டம்பரில், அலாஸ்காவில், வண்டி 30 லட்சம் மைலைத் தொட்டது. 2018-இல் அவர் காலமாகும் வரை அது அவரிடமே இருந்தது. இரகசியம் ஒன்றும் இல்லை. குறித்த காலத்தில் எண்ணெய் மாற்றினார், கையேட்டில் சொன்னதைச் செய்தார்.

இன்னொரு கணக்கையும் நேயர்கள் கவனிக்க வேண்டும். எஞ்சின் உழைப்பது மணிக்கணக்கில். 1,36,000 கிலோமீட்டரை நெடுஞ்சாலையில் சராசரி 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய எஞ்சின் சுமார் 2,270 மணி நேரம் இயங்கியிருக்கும். கிழக்கே கோட்டை, சாலைக் கடைத்தெரு போன்ற நெரிசலில் மணிக்கு 20 கிலோமீட்டராக ஊர்ந்து 60,000 ஓடிய எஞ்சின் 3,000 மணி நேரம் இயங்கியிருக்கும். பாதிக்கும் குறைந்த எண்ணைக் காட்டும் வண்டியே அதிகம் உழைத்திருக்கிறது! கிளட்சும் பிரேக்கும் பட்டபாடு தனி.

ஸ்போர்ட்ஸ் காருக்கு ஓடாமையும் ஒரு நோய். கொட்டகையில் மாதக்கணக்கில் நின்றால் ரப்பர் அடைப்புகள் உலரும், பெட்ரோல் கெடும், டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகும். கடற்காற்று வீசும் நம் ஊரில் பிரேக் தட்டில் துரு ஏறும். ஞாயிறுதோறும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினாலும் கேடுதான். எஞ்சின் முழுச் சூடு அடையாததால் ஈரம் எண்ணெயிலேயே தங்கிவிடும். குறைந்த எண் உண்மையாகவே இருந்தாலும், அதை மட்டும் நம்பிக் கூடுதல் விலை கொடுப்பதற்கில்லை.

சொந்த ஊரில் என்றால் மூன்று தலைமுறையாகப் பழகிய பட்டறைக்காரர் இருப்பார். வெளிமாநிலத்தில் நமக்கு அந்தத் துணை இல்லை. விற்பவர் சொல்லும் மலையாளத்தில் பாதி புரியும், மீதிக்குத் தலையாட்டுவோம். நல்வினையாகக் கரமனைப் பக்கம் நாகர்கோவில்காரர் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். அவரை அழைத்துக்கொண்டு முதல் வண்டியைப் பார்க்கப் போனோம். "மீட்டரை அப்புறம் பார்ப்போம் சார், முதலில் பெடலைக் காட்டச் சொல்லுங்கள்" என்றார்.

பெடல் ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்து வழுவழுவென்றிருந்தது. ஓட்டுநர் இருக்கையில், ஏறி இறங்கும் பக்கத்து மெத்தை அமுங்கித் தோல் வெடித்திருந்தது. ஸ்டியரிங் சக்கரத்தில் கை படும் இடம் கண்ணாடிபோல் மின்னியது. பிரேக் தட்டின் ஓரத்தில் விரலை வைத்தால் வரம்புபோல் மேடு தட்டியது. முப்பத்தோராயிரத்தில் இவை அத்தனையும் ஒன்றாக நேர்வதில்லை. இருக்கைப் பட்டையையும் முழு நீளத்துக்கு இழுத்துப் பார்த்தார். உள்ளே சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி என்று பொருளாம். 2015 சென்னை வெள்ளத்தையும் 2018 கேரள வெள்ளத்தையும் கண்டவர்கள் நாம். இந்தச் சோதனையை மறக்கலாகாது. நல்ல வேளை, கறை இல்லை.

பிறகு அவ்வண்டியைப் பராமரித்துவந்த பட்டறையில் பழைய பதிவைக் கேட்டோம். உரிமையாளர் எழுத்தில் இசைவு தந்தால்தான் காட்டுவோம் என்றார்கள். முறையான பதில்தான். விற்பவர் இரண்டு நாள் தயங்கினார். மூன்றாம் நாள் கிடைத்த பதிவில், நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே அவ்வண்டி 71,400 கிலோமீட்டர் ஓடியிருந்தது. மருமகன் வெகு நேரம் பேசவில்லை. முன்பணம் மறுநாள் கைமாற இருந்தது.

இரண்டாவது வண்டியின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற ஒரு மருத்துவர். மாதம் இருமுறை மதுரைக்குப் போய்வர மட்டும் அதைப் பயன்படுத்தியதாகச் சொன்னார். போகச் சுமார் 300 கிலோமீட்டர், வரவும் அவ்வளவே. பத்தாண்டில் 1,44,000 வர வேண்டும். சில மாதம் போயிருக்க மாட்டார். மீட்டர் எண் இதற்கு ஒத்துவந்தது. பெட்ரோல், எண்ணெய், டயர் எல்லாவற்றையும் தேதி, மீட்டர் எண்ணோடு ஒரு நீல நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். மெக்கானிக் காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பச் சொல்லிப் புகையைப் பார்த்தார். நீலப் புகை இல்லை. ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்தார். நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. ஆனால் மேட்டில் கிளட்ச் நழுவியது. சக்கரத் தாங்கிகளின் ரப்பர் புஷ்கள் போயிருந்தன. இவற்றுக்கு ஒன்றே முக்கால் லட்சம் ஆகும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை நடுவில் வைத்துத்தான் விலை பேசினோம். உயர்ந்த எண்ணுக்காக ஒருமுறை குறைத்தும், பழுதுக்காக மறுமுறை குறைத்தும் கேட்பது நியாயமன்று என்று மருத்துவர் சொன்னதை நான் ஒப்புக்கொண்டேன். மருமகனுக்கு அதில் சற்று வருத்தமே.

வண்டி மதுரையில் பதிவானது. அங்கிருந்து 28-ஆம் எண் படிவத்தில் தடையின்மைச் சான்று பெற்று, கேரள வரி கட்டி, இங்கே புதிய பதிவெண் வாங்கினான். வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி புதுப் பதிவெண் கட்டாயம். கடன் நிலுவை இருந்தால் அது தீர்ந்த சான்றும் வேண்டும். வியாபாரியிடம் வாங்குவோர் இன்னொன்றையும் கேட்கலாம். 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மத்திய விதிகளின்படி, பழைய வண்டி வியாபாரி அதிகாரச் சான்று பெற்றவராக இருக்க வேண்டும். தம்மிடம் வண்டி இருக்கும் நாளில் அது ஓடிய பயணங்களையும் தூரத்தையும் மின்னணுப் பதிவேட்டில் குறிக்கவும் வேண்டும்.

கிளட்ச் செலவு மட்டும் மெக்கானிக் சொன்னதைவிடப் பதினெட்டாயிரம் ரூபாய் கூடிவிட்டது. மருமகன் அதையும் அந்த நீல நோட்டிலேயே, மருத்துவரின் கடைசி வரிக்குக் கீழே, மீட்டர் எண்ணோடு எழுதி வைத்திருக்கிறான்.