வேலியில் கிடந்த பிரண்டை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. நான் பத்தாவது வரைதான் படித்தேன். குழுவில் தீர்மான நோட்டு எழுதுவேன், அவ்வளவுதான் என் எழுத்து. பிரண்டைத் தொக்கு போடும் குழுவில் இருந்து யாராவது ஒருவர் பேசணும் என்று சொன்னதும், எங்க குழுவில் இருந்த பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அதில் நானும் ஒருத்தி என்பதால் பதினோரு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம்ம உத்தரகோசமங்கைக்கு வெளியூரில் இருந்து எத்தனையோ பேர் வருகிறார்கள். மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்குச் சந்தனம் களைந்த மரகத நடராசரைப் பார்க்க வருகிற கூட்டம் எவ்வளவு என்று நமக்குத் தெரியும். வாராகி அம்மன் கோயிலில் மஞ்சள் அரைக்க வருகிற பெண்கள் எத்தனை பேர்! ஆனால் வந்தவர்களில் யாரும் நம்ம வேலியைப் பார்த்துவிட்டுப் போனதில்லை. நாமும் பார்த்ததில்லை. கருவேல முள்ளிலும் கிளுவையிலும் பச்சையாகத் தொங்கும் நாலு பட்டைக் கொடி. ஆடு கூட அதைக் கடித்துவிட்டுத் துப்பும்.

போன வருசம் என் மகள் பிளஸ் ஒன் தாவரவியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு, "அம்மா, பிரண்டையும் திராட்சையும் ஒரே குடும்பம்" என்றாள். நான் நம்பவில்லை. அவள் என்னை வேலிக்கு இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். இலைக்கு எதிர்ப்பக்கமாகப் பற்றுக்கம்பி கிளம்புகிறது பாருங்கள், அது திராட்சைக் கொடியிலும் அப்படியேதான் இருக்குமாம். பழமும் சின்னதாக, சிவப்பாக, உருண்டையாக வரும். அதைத் தின்றால் வாய் அரிக்கும் என்பது மட்டும்தான் வித்தியாசம்!

இன்னொன்றும் சொன்னாள். மற்றச் செடிகள் பகலில் மூச்சுத் துவாரத்தைத் திறக்கும். பிரண்டைத் தண்டு பகலில் மூடிக்கொண்டு, ராத்திரிக் குளிர்ச்சியில்தான் திறக்குமாம். அப்போது காற்றை இழுத்துப் புளிப்பாகத் தண்டுக்குள் சேர்த்து வைத்துக்கொண்டு, பகலில் வெயில் வந்ததும் அதை எடுத்துச் சமைத்துக்கொள்ளுமாம். அதனால்தான் தண்ணீர் வீணாவதில்லை. கண்மாய் வறண்டு வெடித்துக் கிடக்கும்போதும் பிரண்டை மட்டும் பச்சையாக இருக்கிறதே, அதற்கு இதுதான் காரணம். ராத்திரி வேலையை முடித்துவிட்டுப் பகலில் அடுப்பு மூட்டுகிறது. நம்ம ஊர்ப் பொம்பளை மாதிரிதான்.

இப்போது என் மாமியார் கதையைச் சொல்லணும். இதை நான் எந்தக் கூட்டத்திலும் முழுசாகச் சொன்னதில்லை.

ஆறு வருசத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி மாதம். மழை பெய்து கண்மாய்க்கரை வழுக்கிக் கிடந்தது. என் மாமியார் விறகுக்கட்டோடு சறுக்கி விழுந்து, வலது கையை ஊன்றிவிட்டார்கள். மணிக்கட்டு வீங்கிப்போனது. வீட்டுக்காரர் திருப்பூரில் வேலையில் இருந்தார். கையில் காசு இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், ஆட்டோவுக்கு இருந்தது. ஆனால், "எலும்புக்குப் பிரண்டையை விட என்னத்தா இருக்கு? அரைச்சுக் கட்டு" என்று அத்தையே சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் அதையே சொன்னாக. நான்தான் பிரண்டையை இடித்துச் சாறு எடுத்து, புளியும் உப்பும் போட்டுக் காய்ச்சி, பற்றுப் போட்டு, மூங்கில் பத்தை வைத்துத் துணியால் கட்டினேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றிக் கட்டினேன். வீக்கம் இறங்கியது. வலியும் குறைந்தது. எனக்குப் பெருமையாகக் கூட இருந்தது.

ஒரு மாசம் கழித்துக் கட்டை அவிழ்த்தால் மணிக்கட்டு கரண்டி வளைந்த மாதிரி இருந்தது. ராமநாதபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்தோம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "எலும்பு சேர்ந்துடுச்சும்மா. ஆனா கோணலா சேர்ந்துடுச்சு. அன்னைக்கே வந்திருந்தா நேரா இழுத்து வெச்சு மாவுக்கட்டு போட்டிருப்போம். இனி ஆபரேஷன் பண்ணித்தான் சரி பண்ணணும்" என்றார். அத்தைக்குச் சர்க்கரை இருக்கிறது, வயசும் அறுபத்து மூணு. வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

என் மாமியார் ஓலைப்பெட்டி முடைகிறவர்கள். பனை ஓலையை அவர்கள் முடைவதைப் பார்த்தால் கண் எடுக்க முடியாது. மணிக்கட்டு திரும்பாமல் ஓலை முடைய முடியாதுங்க. அன்றோடு அது நின்றுபோனது. என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

பிரண்டையை நான் குறை சொல்ல வரவில்லை. வடமொழியில் அதற்கு வஜ்ரவல்லி, அஸ்திசம்ஹாரகம் என்று பெயர். இந்தியில் ஹட்ஜோட். எலும்பை ஒட்டுவது என்று அர்த்தம். தண்டைப் பார்த்தாலே கணுக்கணுவாக எலும்பைக் கோத்த மாதிரிதானே இருக்கிறது, பெயர் வராமல் என்ன செய்யும்? 1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பா என்ற டாக்டரும் அவரோடு இருந்தவர்களும் இதை விலங்குகளுக்குக் கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். முறிந்த எலும்பு கொஞ்சம் சீக்கிரம் கூடியது என்று எழுதியும் இருக்கிறார்கள். இருக்கட்டும். எலும்பு கூடுவது வேற, நேராகக் கூடுவது வேற. நேராக வைப்பதற்குக் கை தெரிந்த ஆள் வேணும், எக்ஸ்ரே வேணும். அதைப் பிரண்டை செய்யாது. எனக்கு இது தெரிந்ததற்கு விலை அத்தையோட வலது கை.

இனித் தொக்கு விசயத்துக்கு வருகிறேன். நாலு வருசத்துக்கு முன்னால் குழுவில் 15,000 ரூபாய் உள்கடன் எடுத்துத் தொக்கு போட ஆரம்பித்தோம். முதல் தடவை போட்டது மொத்தமும் வீண். ஒரு டீச்சரம்மா பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்து, "தொண்டையில முள்ளு குத்துற மாதிரி இருக்கும்மா" என்று வைத்துவிட்டுப் போனார். தப்பு எங்களுடையதுதான். பங்குனி மாதத்து முற்றல் தண்டை எடுத்துவிட்டோம். அவசரத்தில் சரியாக வதக்கவும் இல்லை. பிரண்டைக்குள் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு ஊசி ஊசியாக இருக்கிறது. சேனைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு அரிப்பதும் இதனால்தான். சிறுநீரகத்தில் கல் இருக்கிறவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

இப்போது நாங்கள் செய்யும் முறையைச் சொல்கிறேன், ஒளித்து வைக்க ஒன்றுமில்லை. மழைக்குப் பிறகு வரும் இளந்தண்டில் நுனியில் இருந்து மூன்று, நாலு கணு மட்டும் ஒடிக்கணும். ஒடிக்கும்போது நார் இழுத்தால் அதை விட்டுவிடுங்கள். இரண்டு கையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுவை நறுக்கிப் போட்டுவிட்டு, நாலு பட்டை ஓரத்திலும் உள்ள நாரை உரிக்கணும். ஒரு கிலோ ஒடித்தால் எங்கள் கணக்கில் அரைக்கிலோதான் தேறும். பிறகு நல்லெண்ணெயில் வதக்கணும். பச்சை நிறம் மாறினால் போதும் என்று நினைக்காதீர்கள். சுருங்கி, பழுப்பாகி, விரலால் நசுக்கினால் நசுங்கணும். அதற்கப்புறம் உளுந்து, நம்ம ஊர் முண்டு மிளகாய், பெருங்காயம், புளி கொஞ்சம் தாராளமாக. புளியில்தான் அரிப்பு அடங்கும். 2023ல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். எங்க தொக்குக்கு நிறம் அதுதான் தருகிறது. வெளியூர் நீட்டு மிளகாய் போட்டுப் பார்த்தோம், காரம் வந்தது, வாசனை வரவில்லை.

தெவசச் சமையலில் பிரண்டைத் துவையல் ஒன்று வைத்தால் முந்நூறு காய் வைத்த மாதிரி என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. உரித்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கு புரியும். முந்நூறு காய் நறுக்குகிற வேலை அதில் இருக்கிறது.

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தோம். அப்போது வருசத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம். 200 கிராம் பாட்டில் 120 ரூபாய்க்குப் போனது. கோயில் திருவிழாவிலும், ராமநாதபுரம் கண்காட்சியிலும் விற்றோம். கடனில் பாதி அடைந்தது. அந்தச் சமயத்தில்தான் ஒரு வியாபாரி வந்தார். மாதம் 200 பாட்டில் எடுத்துக்கொள்கிறேன், முன்பணம் தருகிறேன் என்றார். எங்களுக்குத் தரை கால் பாவவில்லை. ஒரே ஒரு நிபந்தனை. பாட்டிலில் "மூட்டுவலி, எலும்பு முறிவு குணமாகும்" என்று அச்சடிக்கணும். லேபிளை அவரே அடித்துக் கொண்டுவந்திருந்தார், எலும்புக்கூடு படத்தோடு.

அன்றைக்கு எங்க குழுக் கூட்டம் மாதிரி ஒரு கூட்டம் நடந்ததில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு உட்கார்ந்தோம், விளக்கு வைத்தும் முடியவில்லை. சாப்பாட்டுப் பொருளில் நோய் தீரும் என்று எழுதக்கூடாது, சட்டம் இருக்கிறது என்று பயிற்சியில் சொன்னதை நான் சொன்னேன். "எல்லாரும்தான் போடுறாக, நாம போட்டா மட்டும் புடிச்சுருவாகளா?" என்று ஒரு அக்கா கேட்டார். கேட்டவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு மகள் கல்லூரிக் கட்டணம் நின்றது. முன்பணம் வந்தால் அந்த வாரமே கட்டியிருக்கலாம். அதை யோசித்தால் எனக்கும் வாய் வரவில்லை.

அப்போது திண்ணையில் உட்கார்ந்திருந்த என் மாமியார், குழுவில் உறுப்பினர் கூட இல்லை, உள்ளே எட்டிப் பார்த்து, "எலும்புக்கூடு எதுக்குடி? என் கையைப் படம் புடிச்சு ஒட்டுங்க" என்றார்கள். ஒரு நிமிசம் யாரும் பேசவில்லை. பிறகு எல்லாரும் சிரித்துவிட்டோம். ஆனாலும் முடிவு சிரிப்பில் வரவில்லை. கை தூக்கச் சொன்னோம். வேண்டாம் என்று ஏழு பேர், வேணும் என்று ஐந்து பேர். தீர்மானத்தை நான்தான் எழுதினேன். வியாபாரி போய்விட்டார். ஐந்து பேரில் இரண்டு பேர் ஆறு மாசம் என்னோடு பேசவில்லை. ஒருத்தர் இப்போது பேசுகிறார்.

கடனில் இன்னும் நாலு தவணை பாக்கி. மாதம் அறுபது, எழுபது பாட்டில்தான் போகிறது. லேபிளில் என்ன போட்டோம், எப்போது போட்டோம், எடை, விலை, பதிவு எண் இவைதான் இருக்கும். யாராவது வந்து கால்வலிக்குக் கேட்குமா என்று கேட்டால், "சோத்துக்குக் கேக்கும்" என்று சொல்கிறோம். சில பேர் சிரித்துக்கொண்டே வாங்குகிறார்கள். சில பேர் அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

கடைசியாக வேலி விசயம். 2017ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு என்று சொல்லிச் சீமைக்கருவேலத்தை எந்திரம் வைத்துப் பிடுங்கினார்கள். கருவேலம் போனது நல்லதுதான், அது மறுபடி முளைத்தும் விட்டது. ஆனால் அதில் ஏறிக் கிடந்த பிரண்டை அதோடு போனது. மிச்சம் இருந்ததை நாங்களே நாலு வருசமாக ஒடித்துக்கொண்டிருக்கிறோம். போன தை மாதம் ஒரு மூட்டை பிரண்டைக்குக் கண்மாயை முழுசும் சுற்றினோம். இப்போது வெளியூர்க்காரர்கள் வண்டியோடு வந்து வேரோடு இழுத்துக்கொண்டும் போகிறார்கள்.

அதனால் உரிக்கும்போது வெட்டிப் போடும் முற்றல் தண்டை இப்போது நாங்கள் எறிவதில்லை. இரண்டு கணு இருக்கிற மாதிரித் துண்டாக்கி, இரண்டு நாள் நிழலில் காயவைத்து, ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி வேலியோரம் நட்டுவிடுகிறோம். வெட்டிய அன்றைக்கே ஈரத்தில் நட்டால் அழுகிவிடும், அதையும் நட்டுக் கெடுத்துத்தான் தெரிந்துகொண்டோம். ஆட்டுக்குப் பயப்பட வேண்டாம். கொடி ஏறுவதற்கு ஒரு கிளுவைக் குச்சி போதும். அத்தை இடது கையால் இதுவரைக்கும் எங்க வீட்டு வேலி முழுக்க நட்டுவிட்டார்கள்.

மற்றக் குழுக்காரர்களும் நட்டால் வருகிற மழைக்கு அப்புறம் உங்களிடமே கிலோவுக்கு விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறோம். வருகிற செவ்வாய்க்கிழமை எங்க வீட்டுக்கு வந்தால் ஆளுக்குப் பத்துத் துண்டு தருகிறேன். பை கொண்டு வாங்க. வெறுங்கையில் வாங்கிக்கொண்டு போய் அப்புறம் அரிக்குதுன்னு என்னைத் திட்டாதீங்க.