புதிய சுகாதார அமைப்பும் வைத்தியர் கடமையும்

(வைத்தியரும் கமக்காரரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



சீர்திருத்தம் என்ற சொல்லைக் கேட்டவுடன் வைத்தியர்களாகிய நம்மிற் பலருக்கு முதலில் எழுவது ஐயமே. புதிய படிவங்களும் புதிய சுற்றறிக்கைகளுமே அதன் பொருள் என்று அனுபவம் நமக்குக் கற்பித்திருக்கிறது. ஆயினும், இன்று நம்மை எதிர்நோக்கியுள்ள மாற்றம் அரசாங்கம் விரும்பியதனால் மட்டும் வந்ததன்று. நோய்களே மாறிவிட்டமையால் வந்தது.

1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் இந்நாட்டில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொள்ளை கொண்டது. 2016ஆம் ஆண்டிலோ, இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்று பகர்ந்தது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறையும், 1951 முதல் நிலைபெற்ற இலவச வைத்தியமும், வீடு வீடாகச் சென்ற மருத்துவமாதரின் உழைப்பும் நாட்டின் சுகாதாரத்தை உயர்த்தின. இப்பெருமை நமக்கு உண்டு. ஆனால், பழைய வெற்றியைக் கொண்டு புதிய நோயை வெல்ல முடியாது.

இன்று நம் நாட்டு மரணங்களிற் பத்தில் எட்டளவுக்குக் காரணமாயிருப்பவை தொற்றா நோய்களே. மலேரியாவுக்கு மருந்துண்டவர் எழுந்து வயலுக்குச் சென்றார். நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் அவ்வாறு விடைபெற்றுச் செல்வனவல்ல. ஆயுள் முழுவதும் உடனிருப்பவை. அவற்றுக்கு வேண்டியது ஒருநாள் வைத்தியமன்று, நீண்டநாள் உறவு.

இதனையுணர்ந்தே 2018ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சின் புதிய கொள்கை வகுக்கப்பட்டது. விசேட வைத்தியர்கள் உள்ள ஒரு பெரிய வைத்தியசாலையும் அதனைச் சூழ்ந்த சிறிய வைத்தியசாலைகளும் ஒரே கொத்தணியாக இயங்க வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் அண்மையிலுள்ள வைத்தியசாலையிற் பதிவு பெற வேண்டும் என்பதே அதன் சாரம். அவ்வாண்டிலேயே ஆரம்ப வைத்தியத்தை வலுப்படுத்த உலக வங்கி 20 கோடி டொலர் கடனுதவிக்கு அனுமதியளித்தது.

திட்டம் தாளில் அழகாயிருக்கிறது. நடைமுறை யாது? வன்னியில் வாழும் ஒரு கமக்காரர் விடியுமுன் பஸ் ஏறுகிறார். தம் ஊர் வைத்தியசாலையைக் கடந்து யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குச் செல்கிறார். நெடுநேரம் வரிசையில் நின்று, சில நிமிடம் வைத்தியரைக் கண்டு, ஒருநாள் உழைப்பை இழந்து இருட்டியபின் வீடு திரும்புகிறார். இது அறியாமை என்று நாம் சொல்லலாமா? அருகிலுள்ள வைத்தியசாலையில் மருந்து இருக்குமோ, சென்ற முறை கண்ட வைத்தியர் இருப்பாரோ என்ற அச்சமே அவரைத் துரத்துகிறது. அந்த நம்பிக்கையை மீட்பதே நமது முதற் கடமை.

அதற்கு நாம் எவ்வாறு ஆயத்தமாவது? முதலாவது, கதவைத் தட்டி வருபவர் மட்டுமே நம் நோயாளர் என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டும். நம் எல்லைக்குள் 35 வயதைக் கடந்தோர் எத்தனை பேர், அவர்களுட் குருதியமுக்கம் பார்க்கப்படாதோர் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது, குறிப்பெழுதும் பழக்கம். பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புபவர் காரணத்தைத் தெளிவாக எழுத வேண்டும். அங்குள்ள விசேட வைத்தியரும் செய்ததை எழுதித் திருப்பியனுப்ப வேண்டும். மறுமொழியில்லாத கடிதத்தால் கொத்தணி உருவாகாது. மூன்றாவது, தாதியரையும் மருத்துவமாதரையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் ஏவலாளராகவன்றிக் கூட்டாளிகளாகக் கொள்ள வேண்டும். ஊரை நம்மினும் நன்கறிந்தவர்கள் அவர்களே.

நான்காவது, மொழி. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே, அமெரிக்காவிலிருந்து வந்த டாக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழில் வைத்தியம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். அந்நியர் ஒருவர் உணர்ந்ததைத் தமிழ் வைத்தியர் மறக்கலாமா? மருந்தை ஏன் நிறுத்தக்கூடாது என்பதை நோயாளியின் மொழியில் விளக்காத வைத்தியம் பாதி வைத்தியமே.

கடமை வைத்தியருடையது மட்டுமன்று. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மருந்துகள் அருகின. வைத்தியர் பலர் கடல் கடந்தனர். மருந்தும் ஆய்வுகூடமும் இல்லாத வைத்தியசாலையிற் குடும்பங்களைப் பதிவு செய்வது வெறுங் கணக்கெழுதுவதாகவே முடியும். இவற்றை வழங்குமாறு மத்திய அரசிடமும் மாகாண நிருவாகத்திடமும் வற்புறுத்திக் கேட்க வைத்தியருக்கும் கமக்காரருக்கும் சம உரிமையுண்டு. இருவரும் சேர்ந்து கேட்டாலன்றி அக்குரல் எட்டாது.

நண்பர்களே, மாற்றம் வந்தபின் முறையிடுவதிலும், வருமுன் ஆயத்தமாவதே அறிவுடைமை. அந்தக் கமக்காரர் தம் ஊர் வைத்தியசாலையில் நம்பிக்கையுடன் இறங்கும் நாளே இச்சீர்திருத்தம் வெற்றி பெற்ற நாளாகும். அந்நாளை விரைவிற் கொணர நாம் அனைவரும் உழைப்போமாக!