மாதிரிக் கப்பலுக்குப் பெயர் பொறித்தல்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்து வளரும் பிள்ளைக்குக் கப்பல் செய்து பார்க்க ஆசை பிறப்பது இயல்பே. மரத்தைச் செதுக்குகிறோம், பாய்மரம் நாட்டுகிறோம், வர்ணமும் பூசிவிடுகிறோம். பெயர் எழுதும் இடத்திலேதான் கை தடுமாறுகிறது. இலங்கைத்துறை முகத்துவாரத்துக் கரையில் நிற்கும் 18 அடிப் படகொன்றை 24இல் ஒரு பங்காகச் செய்தால் அது 9 அங்குலம். படகில் 6 அங்குலமாயிருந்த எழுத்து, மாதிரியில் கால் அங்குலம். அவ்வளவில் தூரிகையால் "ஸ்ரீ" எழுதவல்லார் நம்மில் எத்தனை பேர்?

கடையில் விற்கும் மாதிரிப் பெட்டிகளில், நீரில் நனைத்து ஒட்டும் எழுத்துத் தாள் உண்டு. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் இத்துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்த யப்பானிய விமான வகைகளுக்கு ஒட்டுப்படம் தாராளமாகக் கிடைக்கும். அன்னபூரணிக்குக் கிடையாது.

அன்னபூரணி வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல். நீளம் 89 அடி. றொபின்சன் என்னும் அமெரிக்கர் அதனை வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் செலுத்திச் சென்று, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். சேர்ந்தபோது அதன் பெயர் "புளோரன்ஸ் சி. றொபின்சன்". விலை கொடுத்தவர் பெயரை மாற்றினார், அது அவருரிமை. நாம் செய்யும் மாதிரியில் அம்பிகையின் பெயரைத் தமிழில் வைப்பது நம்முரிமை. 100இல் ஒரு பங்கென்றால் கப்பல் 27 சென்ரிமீற்றர். பெயரை நாமே அச்சிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இதற்கென விற்கும் தாளின்மேல் நீரில் கரையும் பசையும், பசையின்மேல் மெல்லிய தெளிந்த படலமும் உண்டு. அச்சு படலத்தில் விழுகிறது. நீரில் இட்டதும் பசை இளகி, படலம் எழுத்தோடு வழுக்கி வரும். லேசர் இயந்திரத்து மை உருகிப் பதியும் பொடியாதலால் நீருக்கு அஞ்சாது. வீடுகளிலுள்ள இங்க்ஜெட் இயந்திரத்து மையோ பெரும்பாலும் நீரிற் கரைந்தோடும். ஆகவே மை நன்றாய் உலர்ந்தபின், தெளிந்த அக்கிறிலிக் வார்ணிசைத் தெளித்து அதனை மூடவேண்டும். மெல்லிதாக மூன்று முறை, ஒவ்வொன்றும் உலர்ந்தபின் அடுத்தது. தடிப்பாக ஒரே முறை அடித்தால் மை பரவும், ஓரமும் எழும்பித் தெரியும். பிறகு ஓர் இரவு விட்டுவிடுவது நல்லது.

நமது ஊரில் காலமும் பார்க்கவேண்டும். வாடைக்கால மழையில் வார்ணிசு தெளித்தால் காற்றின் ஈரம் அதிற் படிந்து பால்போல் வெளுக்கும். கச்சான் வீசும் பகலில் மணற்றூசு ஒட்டும். கச்சான் காலத்து விடியற்காலை, காற்று எழுமுன், சன்னல் திறந்த விறாந்தையே தக்கது. அடுப்பங்கரை வேண்டாம், அந்த ஆவி தீப்பற்றும்.

தமிழெழுத்துக்குத் தனிக் கவனம் தேவை. கப்பலில் 25 சென்ரிமீற்றர் உயர எழுத்து, மாதிரியில் இரண்டரை மில்லிமீற்றர். மெல்லிய எழுத்துருவானால் புள்ளி மறைந்து "அன்னபூரணி" "அனனபூரணி" ஆகிவிடும். தடித்த எழுத்தையே தெரிந்து, இயந்திரத்தின் மிக நுண்ணிய அச்சில் இடுக. இன்னொன்று: வீட்டு இயந்திரங்களில் வெள்ளை மை இல்லை. கருநிறப் பக்கத்தில் வெள்ளைப் பெயர் வேண்டுமாயின், வெள்ளைப் படலத் தாளை வாங்கி, சுற்றிலும் கறுப்பை அச்சிட்டு எழுத்தை வெறுமையாக விடுவதே வழி. வெட்டிய ஓரத்து வெண்கோட்டிற்குக் கறுப்பு மை தொட்டுவிடலாம்.

ஒட்டும் இடம் முன்னரே பளபளப்பாக வார்ணிசு பூசியதாய் இருக்கட்டும். சொரசொரப்பான வர்ணத்தின்மேல் ஒட்டினால் அடியிற் காற்று தங்கி வெள்ளி மினுக்கம் காட்டும். இளஞ்சூட்டு நீரில் அரை நிமிடம் நனைத்து வெளியே வைத்து, தானாக இளகும்வரை பொறுத்திருங்கள். நகத்தாற் கிளப்பவே கூடாது. இடத்தில் வழுக்கி, மென்தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்திற்கு நீரை ஒற்றி எடுங்கள். வளைந்த பக்கமாயின் சிறிது வினாகிரி தொட்டால் படலம் இளகிப் படியும். மறுநாள் மேலே இன்னொரு மெல்லிய வார்ணிசு; பளபளப்பு வேண்டாதார் மங்கல் வகையைப் பூசலாம்.

தாளும் தண்ணீர்த் தட்டும் அந்த மேசையில் இருக்கின்றன. முதலில் வருகிறவர்கள் தத்தம் தகப்பனாரின் படகுப் பெயரை எழுதித் தரலாம்.